‘வைஃபை இருக்கு, நெட் வரலை’: கணினி, இணையச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேம், வைஃபை, கிளவுட், சர்வர் எல்லாம் இன்று எல்லோர் வாயிலும் புழங்குகிற சொற்கள்தான். அவற்றைத் தினமும் சொல்பவர்களே குழம்பும் இடம் ஒன்று உண்டு: அந்தப் பொருள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. நம் கையில் இருக்கும் கருவியிலா, போகிற வழியிலா, எங்கோ இருக்கும் வேறொருவருடைய கணினியிலா? இதை முதலில் கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தானாக அவிழ்ந்துவிடும். வீட்டிலும் வேலையிடத்திலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

இணையம், வலை இரண்டும் ஒன்றுதானே?

பேச்சில் இரண்டையும் ‘நெட்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இணையம் சாலை என்றால், வலை அதில் ஓடும் வண்டிகளில் ஒன்று. கணினிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் கம்பிகள், கடலடிக் கேபிள்கள், கோபுரங்கள், கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறைகள், இவை எல்லாம் சேர்ந்தது இணையம். ஒரு சுட்டியைத் தொட்டால் இன்னொரு பக்கத்துக்குத் தாவுகிறோமே, அந்தப் பக்கங்களின் கூட்டம் வலை.

வயதைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29 அன்று. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு ‘லாகின்’ என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள். எல், ஓ என்ற இரண்டு எழுத்து போனதுமே மறுமுனைக் கணினி படுத்துவிட்டது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நிற்கவில்லை என்பது வேறு கதை. வலையை டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்ததோ 1989-ல். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. நடுவில் 20 ஆண்டு இணையம் வலை இல்லாமலே ஓடியிருக்கிறது. ரே டாம்லின்சன் 1971-லேயே ‘அட்’ குறியைப் போட்டு வேறொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

மெசேஜ் செயலி, வீடியோ அழைப்பு, ஆன்லைன் விளையாட்டு எல்லாம் இணையத்தைப் பயன்படுத்துகின்றன. அவை ஓட வலைப்பக்கம் திறக்க வேண்டிய தேவையில்லை.

உலாவி எது, தேடுபொறி எது?

உலாவி உங்கள் கருவியில் இருக்கும் மென்பொருள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எல்லாம் உலாவிகள். தேடுபொறி வேறொருவருடைய கணினிகளில் இருக்கும் சேவை. கூகுள், பிங், டக்டக்கோ எல்லாம் தேடுபொறிகள். உலாவியைத் திறந்ததும் கூகுள் பெட்டி வந்து நிற்பதால் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது. முகவரி தெரிந்த தளத்துக்குப் போகத் தேடுபொறி தேவையே இல்லை. முகவரியை நேராக அடித்தால் போதும். வங்கித் தளத்துக்கு அப்படிப் போவதுதான் நல்லது. தேடினால் மேலே வந்து நிற்பவற்றில் விளம்பரங்களும் இருக்கும், அந்த விளம்பரங்களில் போலிகளும் சில சமயம் புகுந்துவிடும்.

வைஃபை முழுசாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. ஏன்?

வைஃபை உங்கள் கருவிக்கும், வீட்டில் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ரவுட்டருக்கும் நடுவில் உள்ள சில அடி தூரத்துக்கு மட்டுமே பொறுப்பு. மேலே தெரியும் விசிறிக் கோடுகள் சொல்வது, ‘ரவுட்டர் நன்றாகக் கேட்கிறது’ என்பதை மட்டும். ரவுட்டருக்கு அப்பால் கேபிள் அறுந்திருந்தாலும் விசிறி முழுசாகத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளிலும் நெட் இல்லையா? அப்படியானால் சிக்கல் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ. ஒரு கருவியில் மட்டும் இல்லையா? அந்தக் கருவியில்தான் கோளாறு. ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா? உங்கள் பக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தத் தளத்தை நமக்கு அனுப்பும் கணினி, அதாவது சர்வர், படுத்திருக்கும். இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் பேச்சு பாதி நேரத்தில் முடியும்.

கூடவே ஒன்று. பல ரவுட்டர்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கும். முன்னது மெதுவானது, ஆனால் சுவர் தாண்டிப் போகும். பின்னது வேகமானது, சுவரில் தளர்ந்துவிடும். இந்த 5-க்கும் மொபைலில் வரும் 5ஜி-க்கும் எந்த உறவும் இல்லை. அங்கே அது ஐந்தாம் தலைமுறை என்பதைக் குறிக்கிறது.

மோடம், ரவுட்டர்?

மோடம் வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும். ரவுட்டர் அந்த ஒரு இணைப்பை வீட்டில் உள்ள பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். இப்போது இரண்டும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுவதால், நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் எதிராளிக்குப் புரிந்துவிடும்.

‘8 ஜிபி, 128 ஜிபி’ என்கிறார்கள். இரண்டும் மெமரிதானே?

‘மெமரி’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டதால் வந்த வினை இது. 128 ஜிபி என்பது அலமாரி. படம், பாட்டு, செயலி எல்லாம் அங்கே கிடக்கும். மின்சாரம் போனாலும் அழியாது. 8 ஜிபி என்பது வேலை செய்யும் மேசை, அதாவது ரேம். இந்த நிமிடம் திறந்து வைத்திருப்பவை மட்டும் மேசைமேல் இருக்கும். மின்சாரம் நின்றால் மேசை துடைத்த மாதிரி ஆகிவிடும். சேமிக்காத கடிதம் மின்வெட்டில் போய்விடுவது அதனால்தான்.

‘மெமரி ஃபுல்’ என்று போன் சொன்னால் நிறைந்தது அலமாரி. படங்களை அழித்தால் இடம் கிடைக்கும். பத்துச் செயலிகளைத் திறந்து வைத்து போன் திணறினால் மேசை போதவில்லை. அதற்குப் படங்களை அழித்துப் பெரிதாகப் பயன் இருக்காது. இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தைக் கொடுத்துவிட்டு, ‘ஆயிரம் படத்தை அழிச்சேன், இன்னும் ஸ்லோவாத்தான் இருக்கு’ என்று வருந்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செயலி என்றால் ஆப்பா, புரோசெசரா?

தமிழில் நாமே ஏற்படுத்திக்கொண்ட குழப்பம் இது. புரோசெசரைச் செயலி என்று சில பாடநூல்கள் எழுதின. பிறகு மொபைல் வந்தது, ஆப்புக்கும் செயலி என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று செய்தியில் ‘செயலி’ என்று வந்தால் ஆப் என்றே கொள்ளுங்கள். கணக்குப் போடும் சில்லைப் புரோசெசர் என்றே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

புரோசெசரில் 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதன் கடிகாரம் நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது என்று பொருள். கோர் என்பது உள்ளே இருக்கும் தனித்தனி வேலையாட்கள். எட்டு கோர் என்றதும் எட்டு மடங்கு வேகம் என்று நினைக்க வேண்டாம். பிரித்துச் செய்ய முடிந்த வேலைக்குத்தான் கூட்டம் உதவும்.

பிட், பைட் என்றால் என்ன?

பிட் என்பது ஒரு சுவிட்சு: ஒன்று ஆன், இல்லையென்றால் ஆஃப். 1 அல்லது 0. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டு சுவிட்சுகளை 256 விதமாக மாற்றி மாற்றி வைக்கலாம். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாவற்றுக்கும் அந்த 256-ல் இடம் கொடுத்தபிறகும் மிச்சம் இருக்கும். அதனால் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதுமாயிற்று.

தமிழுக்கு வருவோம். எழுத்துகளை எண்ணாக்கிச் சேமிக்க இன்று வலையில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. ‘அம்மா’ என்பதை நாம் மூன்று எழுத்து என்று எண்ணுவோம். கணினி அதை அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறியாகப் பார்க்கிறது. ஆக 15 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 4 பைட். ‘ம்’ என்ற எழுத்தை அழிக்கப் பின்அழி விசையைத் தட்டும்போது முதலில் புள்ளி மட்டும் மறைகிறதே, காரணம் இதுதான்.

எஸ்எம்எஸ் இந்தக் கணக்கை இன்னும் கறாராகக் காட்டும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் இடம். ஆங்கிலத்தை எழுத்துக்கு 7 பிட் வீதம் நெருக்கி 160 எழுத்து அடைத்துவிடுவார்கள். தமிழில் எழுதினால் குறிக்கு 16 பிட், மொத்தம் 70 குறிதான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால் நம் கணக்கில் அது 70 எழுத்துக்கூட வராது. தமிழில் ஒரு வாழ்த்து அனுப்பினால் அது இரண்டு மூன்று எஸ்எம்எஸ்ஸாகக் கணக்கில் ஏறுவது இப்படித்தான்.

1 டிபி டிஸ்க் வாங்கினேன், கணினி 931 ஜிபி என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள்: 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதே பைட்டுகளை 1024, 1024-ஆக வகுக்கிறது, ஆனால் பெயரை மட்டும் ஜிபி என்றே போடுகிறது. வகுத்துப் பார்த்தால் 931 வரும். 1024-க்குத் தனிப் பெயராக 1998-ல் கிபிபைட், மெபிபைட், கிபிபைட் என்று ஒரு வரிசையைத் தரப்படுத்தினார்கள். அதில் முதலாவதும் மூன்றாவதும் தமிழில் எழுதினால் ஒன்று போலவே இருக்கின்றன, அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மக்கள் வழக்கில் அவை ஒட்டவும் இல்லை. ஆப்பிள் கணினிகள் 2009 முதல் ஆயிரக் கணக்கையே காட்டுகின்றன. அதே டிஸ்கை அங்கே செருகினால் 1 டிபி என்றே வரும்.

100 எம்பிபிஎஸ் இணைப்பு. ஆனால் பதிவிறக்கம் 12-க்கு மேல் போகவில்லையே?

சரியாகத்தான் போகிறது. இணைப்பு வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள் (எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட்); கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறார்கள். 100-ஐ எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். முழு வேகம் கிடைத்தால் 1 ஜிபி கோப்பு இறங்க 80 நொடி. விளம்பரத்தில் பிட்டைப் போட்டால் எண் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும், அதுவும் ஒரு வசதி.

வேகம் நன்றாக இருந்தும் வீடியோ அழைப்பில் குரல் தாமதமாக வந்தால் அது வேறு நோய். வேகம் என்பது குழாயின் அகலம். தாமதம் என்பது ஒரு சொட்டு போய்ச் சேர ஆகும் நேரம். அதைத்தான் பிங் என்று மில்லிநொடியில் காட்டுகிறார்கள். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக இணைப்பு என்றால், கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க, ஒளியின் வேகத்திலேயே ஏறக்குறைய அரை நொடி ஆகும். அங்கே எவ்வளவு எம்பிபிஎஸ் வாங்கினாலும் அந்த அரை நொடி குறையாது. படம் பார்க்க அது தெரியாது. பேசும்போது தெரியும்.

பதிவிறக்கம், பதிவேற்றம், ஸ்ட்ரீமிங்?

வேறொருவர் கணினியிலிருந்து உங்களிடம் வந்தால் பதிவிறக்கம், உங்களிடமிருந்து போனால் பதிவேற்றம். ஸ்ட்ரீமிங்கும் பதிவிறக்கம்தான், வந்ததைப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறோம். அதனால் ஒரே வீடியோவைப் பத்து முறை ஸ்ட்ரீம் செய்தால் பத்து முறையும் டேட்டா போகும்.

சர்வர் என்றால் பெரிய கணினியா?

பெரிதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது அதன் தொழில், பெயரும் அதனால்தான். தமிழில் வழங்கி என்பார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினியில் அதற்கான மென்பொருளைப் போட்டு விட்டால் அதுவும் சர்வர்தான்.

கிளவுடில் இருக்கிறது என்றால் எங்கே இருக்கிறது?

தரையில்தான் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில், குளிரூட்டிய கூடத்தில், வரிசை வரிசையாக அடுக்கிய சர்வர்களில். வரைபடங்களில் ‘இதற்கு அப்பால் உள்ளதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்’ என்று காட்டப் பொறியாளர்கள் ஒரு மேகத்தை வரைவது வழக்கம். அந்தப் படமே பெயராகிவிட்டது. ஒரு பிரதிக்கு இரண்டு மூன்று பிரதி வைத்திருப்பார்கள் என்பதால் டிஸ்க் கெட்டுப்போகும் பயம் குறைவு. ஆனால் கணக்கின் கடவுச்சொல் தொலைந்தாலோ, கணக்கு முடக்கப்பட்டாலோ, மேகம் மூடிக்கொண்டுவிடும்.

சிங்க் ஆகிறதே, அப்புறம் பேக்கப் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். சிங்க் என்பது கண்ணாடி. இங்கே கையைத் தூக்கினால் அங்கேயும் கை தூக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பேக்கப் என்பது ஒரு நாளில் எடுத்து வைத்த நகல். நீங்கள் இங்கே என்ன செய்தாலும் அது அசையாது.

நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். போனில் இடம் இல்லை என்று இரண்டு ஆண்டுப் படங்களைக் கூண்டோடு அழித்தேன், கிளவுடில்தான் இருக்கிறதே என்ற தைரியம். மாலையில் கணினியைத் திறந்தால் அங்கேயும் வெறுமை. சேவையின் குப்பைத்தொட்டியில் இன்னும் கிடந்ததால் தப்பித்தேன். பல சேவைகள் அழித்தவற்றைச் சில வாரங்கள் அப்படி வைத்திருக்கும், அதற்குமேல் இருக்காது. அன்று மாலையே ஒரு வெளி டிஸ்க் வாங்கினேன். மாதம் ஒருமுறை அதில் நகல் எடுத்துவிட்டுக் கழற்றி வைத்துவிடுகிறேன். கழற்றி வைப்பது அவசியம். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்கைக் கணினிக்குள் நுழையும் கெடுநிரலும் தொட முடியும்.

ஐபி முகவரி, டிஎன்எஸ் என்றால்?

இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண் ஐபி முகவரி. பழைய முறையில் அது 32 பிட், சுமார் 429 கோடி முகவரிகள். தொடங்கிய காலத்தில் அது ஏராளமாகத் தெரிந்தது. உலக அளவில் பிரித்துக் கொடுக்க மிச்சமிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. புதிய முறையான ஐபிவி6-ல் 128 பிட். அதைத் தீர்ப்பது யாராலும் ஆகாத காரியம். அதற்கு எல்லோரும் மாறும்வரை, ஒரு வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் ரவுட்டரின் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொண்டு காலம் ஓட்டுகின்றன.

எண்களை யார் நினைவில் வைத்துக்கொள்வது? தொடக்கத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒரே ஒரு கோப்பை ஓரிடத்தில் பராமரித்து, எல்லோரும் அதை நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் அந்த வேலையைப் பல சர்வர்களுக்குப் பங்குபோட்டது. நீங்கள் ஒரு பெயரை அடித்ததும் உலாவி முதலில் டிஎன்எஸ்ஸிடம் எண்ணைக் கேட்டுக்கொண்டுதான் கிளம்புகிறது.

வலைமுகவரியை எப்படிப் படிப்பது? எது போலி என்று எப்படித் தெரியும்?

நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். உரிமையாளர் யார் என்று தெரிய, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உண்மையான முகவரிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும்; விளக்குவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

கணக்கு.என்வங்கி.காம்/உள்நுழை

என்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்/உள்நுழை

முதலில், தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் பகுதியை விட்டுவிட்டு, அதற்கப்புறம் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பின்னால் உள்ளது அந்தத் தளத்துக்குள் இருக்கும் அறை, இப்போதைக்கு வேண்டாம். சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக உள்ள இரண்டு துண்டைப் பாருங்கள். மேலே உள்ளதில் அது என்வங்கி.காம். இரண்டாவதில் சரிபார்ப்பு.நெட். அந்தத் தளம் வங்கியுடையதே அல்ல, சரிபார்ப்பு.நெட் என்ற பெயரைப் பதிவு செய்தவர் தனக்கு இடப்பக்கத்தில் ‘என்வங்கி.காம்’ என்று ஒட்டிக்கொண்டார். தன் பெயருக்கு இடப்பக்கம் எவர் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம், அனுமதி தேவையில்லை. கோ.இன், கோ.யூகே போல இரட்டை முடிவு உள்ள முகவரிகளில் மட்டும் மூன்று துண்டு பார்க்க வேண்டும்.

மொபைலில் முகவரிப் பட்டை குறுகலானது, நீளமான முகவரியில் ஒரு பகுதிதான் கண்ணில் படும். ஏமாற்றுபவர்களுக்கு அது பெரிய வரம். சந்தேகம் வந்தால் முகவரியைத் தொட்டு முழுசாக விரித்துப் பாருங்கள்.

பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாம்தானே?

பூட்டும் எச்டிடிபிஎஸ்ஸும் காவல் காப்பது வழியை மட்டும். உங்கள் உலாவிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதான். மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்று அது சான்று கொடுப்பதில்லை. திருடனிடமே நேராக, பத்திரமாகப் பேசலாம். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் உலாவி 2023-ல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

குக்கி, கேஷ் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

அழிக்கலாம், பின்விளைவு தெரிந்து அழியுங்கள். வலைக்கு இயல்பாகவே மறதி அதிகம். நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போனதும் யார் வந்தது என்று சர்வருக்குத் தெரியாது. 1994-ல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மாண்டுல்லி அதற்கு ஒரு வழி செய்தார்: தளம் ஒரு சிறு சீட்டை உங்கள் உலாவியிடம் கொடுக்கும், அடுத்த முறை உலாவி அதைக் காட்டும். அதுதான் குக்கி. அதை அழித்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி உள்நுழைய வேண்டும். பிற்பாடு விளம்பர நிறுவனங்கள் இந்தச் சீட்டைப் பல தளங்களிலும் கொடுத்து நம்மைப் பின்தொடர ஆரம்பித்ததுதான் கெட்ட பெயருக்குக் காரணம்.

கேஷ் என்பது மறுபடி இறக்க வேண்டாமே என்று உங்கள் கருவியில் எடுத்து வைத்திருக்கும் படங்கள், பக்கத் துண்டுகள். அழித்தால் நட்டம் இல்லை. முதல்முறை திறக்கக் கொஞ்சம் நேரமாகும்.

மறைநிலைச் சாளரத்தையும் (இன்காக்னிட்டோ) இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது உங்கள் கருவியில் வரலாறும் குக்கியும் தங்காமல் பார்த்துக்கொள்ளும். வழியில் இருக்கும் இணைய நிறுவனத்துக்கும், அலுவலக நெட்வொர்க்குக்கும், நீங்கள் போன தளத்துக்கும் நீங்கள் நன்றாகவே தெரிவீர்கள்.

மின்னஞ்சலில் சிசி, பிசிசி?

சிசி என்பது கார்பன் காப்பி, தட்டச்சுப் பொறியின் மிச்சம். பிசிசி-யில் போட்டவர்கள் மற்றவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். ஒருவரையொருவர் தெரியாத ஐம்பது பேருக்கு எழுதும்போது பிசிசி-யில் போடுங்கள். இல்லையென்றால் ஐம்பது முகவரியையும் ஐம்பது பேருக்கும் பந்திவைத்த மாதிரி.

வைரஸ், மால்வேர், அப்டேட்: இவற்றுக்குள் என்ன தொடர்பு?

கெடுதல் செய்ய எழுதப்பட்ட எல்லா நிரலுக்கும் பொதுப்பெயர் மால்வேர். ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அதை நாம் திறக்கும்போது பரவுவது வைரஸ். யாரும் எதையும் திறக்காமலே நெட்வொர்க் வழியாகத் தானே ஊர்ந்து போவது வார்ம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது ரான்சம்வேர். 2017 மே மாதம் பல நாடுகளில் மருத்துவமனைகள் வரை முடக்கிய வானாக்ரை கடைசி இரண்டும் சேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் விண்டோஸ் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டது. ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானை எத்தனை பேர் அழுத்தியிருப்பார்கள் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கோப்புப் பெயரில் புள்ளிக்கு அப்புறம் வருவது எதற்கு?

எந்த மென்பொருளால் திறக்க வேண்டும் என்று சொல்லும் நீட்சி அது. ஜேபெக் என்றால் படம், பிடிஎஃப் என்றால் ஆவணம், இஎக்ஸ்இ என்றால் விண்டோஸில் ஓடும் நிரல், ஏபிகே என்றால் ஆண்ட்ராய்டு செயலி. பெயரை மாற்றினால் உள்ளடக்கம் மாறாது. டப்பாவின் சீட்டை மாற்றிய கதைதான். விண்டோஸ் வழக்கமாக நீட்சியை மறைத்துவிடும். அதனால் ‘படம்.ஜேபெக்.இஎக்ஸ்இ’ என்ற கோப்பு ‘படம்.ஜேபெக்’ என்று சாதுவாகத் தெரியும். அமைப்பில் போய் நீட்சியைக் காட்டச் சொல்லி வைத்துவிடுங்கள். அழைப்பிதழ் என்று சொல்லி ஏபிகே வந்தால் தொடவே தொடாதீர்கள். அழைப்பிதழைப் பார்க்க எதையும் நிறுவ வேண்டியதில்லை.

ஓடிபி இருக்கும்போது பாஸ்கீ எதற்கு?

கடவுச்சொல் உங்கள் தலையிலும் தளத்திலும், இரண்டு இடத்தில் இருக்கும் ரகசியம். ஓடிபி ஒருமுறைக்கான ரகசியம். இரண்டுக்கும் ஒரே பலவீனம்: பேச்சில் மயங்கி நாமே அதை எடுத்துக் கொடுத்துவிடலாம். பாஸ்கீ என்பது கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்த உள்நுழைவு முறை. அதில் ரகசியச் சாவி, சாவிகளைப் பூட்டி வைக்கும் உங்கள் சாவிக்கொத்து மென்பொருளை விட்டு வெளியே போவதே இல்லை. தளம் ஒரு புதிர் போடும், கருவி உங்கள் விரல்ரேகையையோ முகத்தையோ பார்த்துவிட்டு விடையை மட்டும் அனுப்பும். சாவி சரியான தள முகவரியோடு பிணைந்திருப்பதால், நீங்கள் ஏமாந்து சரிபார்ப்பு.நெட்டில் போய் நின்றாலும் கருவி ஏமாறாது. தளம் பாஸ்கீ கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் கட்டம் கட்டமாக, அல்லது ஏதோ கிறுக்கலாக வருகிறதே?

கட்டம் வந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். ஒன்றை நிறுவினால் சரியாகும். கிறுக்கல் வந்தால் அது பழைய குறியேற்றத்தில், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் பழைய முறையில், எழுதிய கோப்பாக இருக்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியேற்றம் பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலக் கிறுக்கல் வெளியே வந்துவிடும். அதற்குக் குறியேற்ற மாற்றி என்ற கருவிகள் வலையில் இருக்கின்றன. எந்த எழுத்துருவில் எழுதியது என்று தெரிந்தால் ஒரு நிமிட வேலை.

எதைக் கேட்டாலும் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்கிறார்களே, தெரியாமல் சொல்கிறார்களா?

பெரும்பாலும் அது சரியான பதில். மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். நாள்கணக்கில் ஓடும் நிரல்கள் ரேமில் குப்பை சேர்க்கும், ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும், தப்பான ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும். அணைத்தால் மேசை துடைக்கப்பட்டு, அலமாரியில் இருக்கும் நல்ல நகலிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்கும். மடிக்கணினியின் மூடியைச் சாத்துவது இதில் சேராது. அது தூக்கம்தான், மேசை அப்படியே இருக்கும்.

விண்டோஸில் ஒரு வினோதம் உண்டு. விண்டோஸ் 8 முதல் ‘விரைவுத் தொடக்கம்’ என்று ஒரு வசதி வைத்தார்கள். அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது இயங்குதளத்தின் உட்கருவை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துத் தொடரும். பழைய கோளாறும் கூடவே எழுந்து வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாகப் புதிதாகத் தொடங்கும். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், இன்னும் சரியாகலை’ என்று யாராவது சொன்னால், எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.